தண்டவாளத்தை விட்டு விலகும் ரயில்

விண்ணிலிருந்து ரேடார் எடுக்கும் படமும் ஒரு வகைப் புகைப்படமே என்றும், அதில் ஒரு பொருள் தெரியும் இடத்தில்தான் அது உண்மையில் இருந்தது என்றும் பரவலாக நம்பப்படுகிறது. அசையாத கட்டடங்களுக்கு இது பெருமளவு பொருந்தும். சென்னையில் தாம்பரத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையே ஓடும் மின்ரயிலுக்குப் பொருந்தாது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் போன்ற செயற்கைக்கோள்களில் இருப்பது ‘செயற்கைத் துளை ரேடார்’. அது பறக்கும் வழியெங்கும் நுண்ணலைகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலிகளைக் கணக்கால் ஒன்றுசேர்த்து, மிக நீண்ட ஓர் ஆன்டெனா கண்டதைப் போன்ற படத்தை உருவாக்குகிறது. பறக்கும் திசையில் ஒரு பொருள் எங்குள்ளது என்பதை எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டே, அதாவது டாப்ளர் விளைவாலேயே, அது அறிகிறது. தரையில் எதுவும் நகரவில்லை என்று கொண்டே அக்கணக்கு போடப்படுவதால், ஓடும் ரயில் தன் வேகத்தால் உண்டாக்கும் மாற்றமும் இடத்தின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

இந்தப் பிழை சிறியதன்று. செயற்கைக்கோள் 900 கி.மீ. தொலைவில் விநாடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் செல்ல, ரயிலின் வேகத்தில் ரேடாரை நோக்கிய பங்கு விநாடிக்கு 5 மீட்டர் மட்டுமே என்றாலும், ரயில் 600 மீட்டர் தள்ளித் தெரியும். குரோம்பேட்டையருகே எதிரெதிராகச் செல்லும் இரு ரயில்களில் ஒன்று வடக்கேயும் மற்றது தெற்கேயும் விலகி, வீட்டுக் கூரைகளின் மேல் ஓடுவதுபோல் பதிவாகும்.

இதைக் கருவியின் கோளாறு என்று கருதுவது இன்னொரு தவறு. ரயில் தண்டவாளத்தில்தான் ஓட முடியும் என்பதால், விலகிய தூரத்தை அளந்தால் அதன் வேகமே கிடைத்துவிடுகிறது. சிக்கல் ஜி.எஸ்.டி. சாலையில்தான்: நூற்றுக்கணக்கான வண்டிகள் தத்தம் வேகத்துக்கேற்ப வெவ்வேறு தூரம் விலகி, கட்டடங்களின் வலுவான எதிரொலிகளுக்குள் மறைந்துபோகின்றன. வடக்கு தெற்காக நீளும் பழைய மாமல்லபுரம் சாலையிலோ, பறக்கும் பாதைக்கு ஏறக்குறைய இணையாக வண்டிகள் செல்வதால், விலகல் குறைந்து மங்கல் மிகும்.

இப்படி மறையும் வண்டிகளைப் பிரித்தெடுக்க, முன்னும் பின்னுமாக அமைந்த இரு ஆன்டெனாக்கள் விநாடியின் மிகச் சிறு பகுதி இடைவெளியில் ஒரே இடத்தைப் பார்க்கின்றன. ஒரு பதிவை மற்றதிலிருந்து கழித்தால் அசையாதவை மறைந்து நகர்பவை எஞ்சும். 2007இல் ஏவப்பட்ட ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ், தன் ஆன்டெனாவை இவ்வாறு இரண்டாகப் பகுத்துச் சாலைப் போக்குவரத்தை அளக்கும் சோதனைகளுக்குப் பயன்பட்டது.

செயற்கைக்கோள் நாள் முழுதும் சாலையைக் கண்காணிக்கிறது என்பதும் மெய்யன்று. நிசார் ஒரே பாதைக்குத் திரும்ப 12 நாட்கள் ஆகும். அது கடப்பது காலை அல்லது மாலை 6 மணியளவில். அந்த மாலை நெரிசலில் பல்லாவரத்தில் அசையாமல் நின்றுவிட்ட பேருந்து, படத்திலும் பல்லாவரத்திலேயே நிற்கும்.