தூணை மண்ணில் புதைக்காதீர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறவர்களில் பர்லியாரில் வண்டியை நிறுத்தாதவர்கள் குறைவு. 1871-இல் தொடங்கிய அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் மங்குஸ்தானும் துரியனும் ஜாதிக்காயும் காய்ப்பதற்கு இந்த ஊரின் வெக்கையும் ஈரமும்தான் காரணம். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கும் அதே வெக்கையும் ஈரமும்தான் வேண்டும். சரிவில் வீடு கட்டுகிறவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்கார மரத்தளம், அதாவது டெக், போட ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசை. ஆனால் மேலே பதிக்கும் பலகைக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசிகூட அதைத் தாங்கும் கால்களுக்குக் காட்டுவதில்லை. கால்களைப் பற்றி நம்மிடம் உலவும் நம்பிக்கைகளில் பாதி தவறு.

“தூணைக் குழியில் இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் போட்டுவிட்டால் அசையவே அசையாது.”

அசையாதுதான், முதல் சில வருடங்களுக்கு. நண்பர் ஒருவரின் டெக்குக்கு அடியில் குனிந்து போய்ப் பார்த்தேன். தூண்கள் வார்னிஷ் பளபளப்போடு நின்றன. ஒரு தூணின் அடியில், கான்கிரீட்டோடு சேருகிற இடத்தில், ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது ஊறிய அவலைப் போல மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு சாண் மேலே அதே தூண் கல்லைப் போல இருந்தது.

காரணம் எளிது. வெயிலில் மரம் சுருங்கும். அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கும், வெளியேற வழியிருக்காது. தூணைச் சுற்றி நாமே ஒரு கிண்ணம் கட்டித் தண்ணீர் ஊற்றி வைத்த மாதிரி. காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் தரைமட்டத்தில்தான் மரம் முதலில் உளுக்கும்.

நம் பெரியவர்களுக்கு இது தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் மரத்தூண்களைப் பாருங்கள்; அவை மண்ணில் நிற்கவில்லை, கல்லின் மேல் நிற்கின்றன. இன்றும் வழி அதுதான். கான்கிரீட் பீடத்தைத் தரையிலிருந்து அரையடியாவது உயர்த்துங்கள். அதன் மேல் துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியைப் போல்ட் போட்டு முடுக்கி, மரத்தின் அடி பீடத்தைத் தொடாமல் காற்றோட்டமாக நிறுத்துங்கள்.

“தேக்கு போட்டால் கவலையில்லை.” தேக்கின் வைரத்துக்குத்தான், அதாவது முற்றிய உள்மரத்துக்குத்தான், அந்தப் பெருமை. அதைச் சுற்றியுள்ள வெளிறு எந்த மரத்தில் இருந்தாலும் வெளிறுதான்; இளம் தேக்கில் அதுவே அதிகம். எஸ்டேட்டுகளில் மலிவாகக் கிடைக்கும் சில்வர் ஓக், மழையில் நிற்கிற தூணுக்கு உதவாது. “மலையில் கரையான் வராது” என்பது ஊட்டிக்காரர் பேச்சு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். பர்லியார் அதில் பாதிகூட இல்லை. இங்கே கரையான் தாராளமாக வரும்.

“நாலு பேர் உட்காரத்தானே, எதற்கு இவ்வளவு?” வீட்டு விசேஷத்தன்று நாலு பேரா நிற்பார்கள்? வீட்டு பால்கனிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும்படி கணக்கிடச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி டெக் என்றால் மூன்று டன்னுக்கு மேல். 2003 ஜூனில் சிகாகோவில் விருந்துக்குக் கூடியவர்களோடு மர வராந்தா சரிந்ததில் 13 பேர் இறந்தார்கள். பலம் கூட்ட மரம் நிறைய வேண்டும் என்பதும் இல்லை. ஆறுக்கு இரண்டு அங்குலச் சட்டத்தைப் படுக்கவைப்பதற்குப் பதில் செங்குத்தாக நிறுத்தினால் மூன்று மடங்கு பாரம் தாங்கும்; வளையாமல் நிற்பதில் ஒன்பது மடங்கு உறுதி.

சட்டங்களின் ஒரு முனையை வீட்டுச் சுவரில் ஆணியடித்துப் பிடித்தால் ஒரு வரிசைத் தூண் மிச்சம் என்பார்கள். ஆணி பிடுங்கிக்கொள்ளும். சேரும் இடத்தில் நீர் புகுந்தால் உள்ளே நடப்பது கண்ணுக்கே தெரியாது. 2015-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பால்கனி முறிந்து 6 பேர் இறந்தது, சுவரை ஒட்டி மரச்சட்டங்கள் உள்ளுக்குள் மக்கிப்போனதால்தான். மண்சாந்தில் கட்டிய பழைய கற்சுவர் என்றால் தொடவே வேண்டாம். சுவர்ப் பக்கமும் தனித் தூண் வரிசை கொடுங்கள்.

கடைசியாக, மண். சரிவை வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமன்செய்து, அதன் மேலேயே பீடம் கட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில் நேரே வந்து மோதும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோரை மண்சரிவு கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. கொட்டிய மண் முழுவதையும் தாண்டி, வெட்டுப்படாத கெட்டி மண்ணில் கடைக்கால் இறங்க வேண்டும். கூரைத் தண்ணீர் தூணடியில் விழாமல் வாய்க்கால் விட்டு ஒதுக்க வேண்டும். உயரமான கால்களுக்குக் குறுக்குச் சட்டம் கட்டாயம்.

ஏற்கெனவே டெக் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அடியில் போய், ஒவ்வொரு தூணின் காலையும் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் இறங்கினாலே அந்தத் தூணை மாற்றுங்கள். மாற்றும் வரை மேலே யாரையும் ஏற்றாதீர்கள்.