மதிலும் மாந்தரும்

ஐரோப்பாக் கண்டமும் ஆசியாக் கண்டமும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் இடத்தில், பாஸ்பரஸ் என்னும் நீரிணையின் கரையில், முக்கோண வடிவமான நிலப்பகுதி ஒன்று கடலுள் நீண்டு கிடக்கிறது. அதன் தெற்கே மர்மாராக் கடல்; வடக்கே பொற்கொம்பு எனப் பெயர்பெற்ற ஆழமான கழிமுகம்; மேற்கே மட்டும் நிலம். உரோமப் பேரரசராகிய கான்ஸ்டண்டைன் இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்து, கி.பி. 330-ஆம் ஆண்டில் இங்குத் தம் புதிய தலைநகரைத் தோற்றுவித்தார். அவர் பெயரால் அது கான்ஸ்டாண்டிநோபிள் என வழங்கலாயிற்று. மேற்கு உரோமப் பேரரசு கி.பி. 476-இல் வீழ்ந்த பின்னரும், இந்நகரைத் தலைமையாகக் கொண்ட கிழக்கு உரோமப் பேரரசு ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு நிலைத்து நின்றது. வரலாற்றாசிரியர் இதனைப் பைசாந்தியப் பேரரசு என்பர்.

நகரின் இரு புறங்களைக் கடல் காத்தது. மேற்குப் புறத்தை மாந்தரே காக்க வேண்டியதாயிற்று. ஆகவே, இரண்டாம் தியோடோசியஸ் என்னும் பேரரசர் காலத்தில், கி.பி. 413-ஆம் ஆண்டையொட்டி, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமுடைய பெருமதில் அங்கு எழுப்பப்பட்டது. முன்னே அகன்ற அகழி, அதன்பின் புறமதில், அதற்கும் பின்னே 40 அடி உயரமும் 16 அடி அகலமும் உடைய உள்மதில், உள்மதிலின் மேல் 96 கோபுரங்கள். இவ்வாறு அடுக்கடுக்காக அமைந்த அவ்வரணைக் கண்ட பகைவர் மலைத்து நின்றனர்.

ஆயினும், கி.பி. 447-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அம்மதிலின் 57 கோபுரங்கள் இடிந்து வீழ்ந்தன. ஹூணர் தலைவனாகிய அட்டிலாவின் படை அப்பகுதி முழுவதையும் நடுங்கச் செய்துகொண்டிருந்த காலம் அது. நகர மக்களோ தேர்ப்பந்தயத்தை ஒட்டி நீலர், பச்சையர் எனக் கட்சிகளாகப் பிரிந்து, வீதிகளிற் பூசலிட்டுக்கொள்ளும் இயல்பினர். ஆனால், அன்று அவர்கள் தம் பகையை மறந்தனர். மதிலைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டு, கல்லும் சுண்ணாம்பும் சுமந்தனர். இரண்டே திங்களில் மதில் மீண்டும் எழுந்து நின்றது. அட்டிலா அந்நகரைத் தாக்கத் துணியவில்லை.

அதன்பின், கி.பி. 626-இல் அவார் இனத்தாரும் பாரசீகரும், கி.பி. 717-இல் அராபியரும் அந்நகரை முற்றுகையிட்டுத் தோல்வியுற்றுத் திரும்பினர். நீரின்மேலும் அணையாது எரிந்த ‘கிரேக்கத் தீ’ என்னும் படைக்கலம் பகைவர் கப்பல்களைச் சாம்பராக்கிற்று. பொற்கொம்பின் வாயிலில் கட்டப்பட்ட பேரிரும்புச் சங்கிலி அயலார் கலங்களைத் தடுத்து நிறுத்தியது. அரணின் காவலில் வாணிகம் தழைத்தது. பட்டும் மணப்பொருள்களும் தந்தமும் அங்காடிகளிற் குவிந்தன. ஜஸ்டினியன் என்னும் பேரரசர் கி.பி. 537-இல் கட்டி முடித்த புனித ஞானக் கோயிலின் பெருங்குவிமாடத்தைக் காண்போர், அது வானினின்று தொங்குவதோ என வியந்தனர். பழங்கிரேக்க அறிஞர்தம் நூல்களைப் படியெடுத்துப் பேணிக் காத்ததும் இப்பேரரசே.

செல்வம் மிகுந்த இடத்தில் பொறாமையும் பூசலும் புகுதல் உண்டு. கி.பி. 1054-இல் உரோமத் திருச்சபையும் கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபையும் ஒன்றையொன்று விலக்கின. கி.பி. 1071-இல் மான்சிகெர்ட் என்னுமிடத்தில் செல்ஜுக் துருக்கியரிடம் பேரரசின் படை தோற்றது. ஆசியப் பகுதியில் பெரும் நிலம் கைவிட்டுப் போயிற்று. கி.பி. 1082-இல், கடற்படை உதவி வேண்டிய பேரரசர் முதலாம் அலெக்சியஸ், இத்தாலிய வணிக நகரமாகிய வெனிசுக்குச் சுங்கவரியினின்று விலக்களித்தார். உள்நாட்டு வணிகர் வரி செலுத்த, அயல்நாட்டு வணிகர் வரியின்றி ஆதாயம் ஈட்டினர். இதனால் மூண்ட வெறுப்பு நாளடைவில் முற்றியது. கி.பி. 1171-இல் பேரரசர் மானுவேல் வெனிஸ் நகரத்தாரைச் சிறையிலிட்டு, அவர்தம் உடைமைகளைப் பறித்துக்கொண்டார். கி.பி. 1182-இல் நகரில் வாழ்ந்த இத்தாலியர் பலர் பொதுமக்களின் வெறிக்கு இரையாயினர். இக்கொடுமைகளை மேற்கு நாட்டார் மறக்கவில்லை.

இந்நிலையில் நான்காம் சிலுவைப்போர் எழுந்தது. எருசலேம் நகரை மீட்கப் புறப்பட்ட வீரர்களின் தூதுவர், கி.பி. 1201-இல் வெனிஸ் நகரத்தாரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 33,500 வீரர்களையும் 4,500 குதிரைகளையும் ஏற்றிச்செல்லக் கப்பல்கள் வேண்டும். அதற்குக் கூலி 85,000 வெள்ளி மார்க்குகள் என்பது உடன்பாடு. கப்பல்கள் அணியமாயின. ஆனால், வந்து சேர்ந்த வீரர் மூன்றில் ஒரு பங்கினரே. தம்மிடமிருந்த பொன்னையும் வெள்ளியையும் திரட்டிக் கொடுத்தும் 34,000 மார்க்குகள் குறைந்தன. கடன்பட்ட படை, கடன் கொடுத்தவர் சொற்படி ஆடும் படையாயிற்று. வெனிஸ் நகரத் தலைவர் என்ரிக்கோ டாண்டலோ முதுமை மிக்கவர், கண்பார்வை இழந்தவர், எனினும் அறிவுக் கூர்மையிற் குறைவற்றவர். அவர் சொற்படி, கி.பி. 1202-இல் சிலுவை வீரர் ஜாரா என்னும் கிறித்தவ நகரைத் தாக்கிக் கைப்பற்றினர். போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் அதனைத் தடுத்தும் பயன் விளையவில்லை. ‘இதற்காகவோ வந்தோம்’ என மனம் நொந்து பிரிந்து சென்ற வீரரும் சிலர் உளர்.

அப்பொழுது கான்ஸ்டாண்டிநோபிள் அரச குடும்பத்திலிருந்தே அழைப்பு வந்தது. பேரரசர் ஐசக்கின் கண்களைப் பறித்துச் சிறையிலிட்டு, அவருடைய உடன்பிறந்தாரே அரியணை ஏறியிருந்தார். ஐசக்கின் மகனாகிய இளவரசன் அலெக்சியஸ், தன் தந்தையின் அரியணையை மீட்டுத் தந்தால் 2,00,000 மார்க்குகள் தருவதாகச் சிலுவை வீரர்க்கு வாக்களித்தான். கி.பி. 1203-இல் அவர்தம் கப்பல்கள் நகரின் முன் வந்து நின்றன. அவற்றை எதிர்க்கப் பேரரசிடம் தக்க கடற்படை இல்லை. கடற்படைத் தலைவனே கப்பல்களின் பாய்களையும் நங்கூரங்களையும் விற்றுப் பொருளாக்கிக் கொண்டான் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அரியணையில் இருந்தவர் கருவூலப் பொன்னை வாரிக்கொண்டு இரவில் ஓடி மறைந்தார்.

தந்தையும் மகனும் அரியணை ஏறினர். ஆனால், வாக்களித்த பொருள் எங்கே? கோயில்களின் வெள்ளிப் பொருள்கள் உருக்கப்பட்டன. அப்போதும் கடன் தீரவில்லை. மக்கள் கொதித்தெழுந்தனர். கி.பி. 1204-இன் தொடக்கத்தில் இளம்பேரரசன் அரியணை இழந்து, சிறையில் உயிரும் இழந்தான். தம் பொருள் கிட்டாது என்பதை உணர்ந்த சிலுவை வீரர், ஏப்ரல் 12-ஆம் நாள் பொற்கொம்பின் புறமிருந்த கடல்மதிலைத் தாக்கினர். கப்பல்களை இரண்டிரண்டாகப் பிணைத்து, பாய்மரங்களிலிருந்து கோபுரங்களுக்குப் பாலம் இட்டு உட்புகுந்தனர். மேற்கே நின்ற தியோடோசியஸ் மதில் அன்றும் உடையவில்லை. ஆனால், நகரம் வீழ்ந்துவிட்டது.

மூன்று நாள் கொள்ளை நடந்தது. சிலுவையைத் தோளிற் சுமந்து வந்தவர்கள் சிலுவைக் கோயில்களைச் சூறையாடினர். பண்டைய வெண்கலச் சிலைகள் காசாக உருக்கப்பட்டன. தேர்ப்பந்தயத் திடலை அணிசெய்த நான்கு வெண்கலக் குதிரைகள் வெனிசுக்குச் சென்றன. இன்றும் அவை அங்கேயே உள்ளன. பேரரசு துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டது. எருசலேமை மீட்கப் புறப்பட்ட அப்படை எருசலேமை அடையவே இல்லை.

கி.பி. 1261-இல் கிரேக்கர் தம் தலைநகரை மீட்டனர். ஆனால், மீட்கப்பட்டது பழைய நகரம் அன்று. மாளிகைகள் பாழடைந்து கிடந்தன, கருவூலம் வெறுமையாயிற்று, வாணிகம் இத்தாலியர் கைக்குச் சென்றது. அரச குடும்பத்தின் உள்நாட்டுப் போர்களும், கி.பி. 1347-இல் வந்த கொள்ளைநோயும் எஞ்சிய வலிமையையும் உறிஞ்சின. மதிலுக்குள்ளேயே கழனிகளும் தோட்டங்களும் தோன்றின.

கி.பி. 1453-இல், இருபத்தோரு வயதினரான உதுமானியச் சுல்தான் இரண்டாம் மெகமது பெரும்படையுடன் மதிலின் முன் வந்து நின்றார். அர்பன் என்னும் அங்கேரி நாட்டுப் பீரங்கி வினைஞர் முதலில் தம் தொழிலைப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டண்டைனிடமே விற்க வந்தார். அவர் கேட்ட ஊதியம் கொடுக்கப் பேரரசரிடம் பொருளில்லை. ஆகவே, அவர் வார்த்த பெரும்பீரங்கி சுல்தானின் படையில் நின்று முழங்கிற்று. நகரிற் படைக்கலம் ஏந்தத் தக்கோரைப் பேரரசர் கணக்கெடுக்கச் செய்தார். கிரேக்கர் 5,000 பேர் கூட இல்லை எனத் தெரிந்ததும், அவ்வெண்ணை எவரிடமும் கூறற்க எனப் பணித்தார். ஜெனோவா நகரத்து வீரர் ஜுஸ்தினியானி 700 பேருடன் துணைக்கு வந்தார். மேற்கு நாட்டு மன்னர் எவரும் பெரும்படை அனுப்பவில்லை. உரோமத் திருச்சபையோடு இணைவதா, வேண்டாவா என நகரத்தார் அப்போதும் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

சங்கிலி பொற்கொம்பைக் காத்தது. சுல்தானோ ஏறத்தாழ எழுபது கப்பல்களை மெழுகிட்ட மரங்களின்மேல் ஏற்றி, மேட்டு நிலத்தின் வழியே இழுத்துச் சென்று கழிமுகத்துள் இறக்கினார். பகலில் பீரங்கி இடித்த மதிலை இரவில் ஆடவரும் பெண்டிரும் மண்ணும் மரமும் இட்டு அடைத்தனர். அவர்தம் முன்னோர் 447-இல் செய்த பணியே அது. ஆனால், கைகள் மிகக் குறைந்துவிட்டன. 53 நாள் முற்றுகைக்குப் பின், மே 29-ஆம் நாள் விடியலில் துருக்கியர் உட்புகுந்தனர். பேரரசர் தப்பியோட மறுத்துப் படைவீரரோடு படைவீரராய்ப் போரிட்டு மடிந்தார்.

இன்று அந்நகரம் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் ஆகும். மதிலின் பெரும்பகுதி இன்றும் அங்கே நிற்கிறது. 1204-இல் நிகழ்ந்ததற்காகப் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பால், 2001-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் தம் வருத்தத்தை வெளியிட்டார். எட்டு நூற்றாண்டு கடந்தும் ஆறாத புண் அது.

மதிலை இடித்தது பீரங்கி என்பது உண்மையே. ஆனால், அரியணைக்காக உடன்பிறந்தாரின் கண்ணைப் பறித்தவரும், கப்பற்பாயை விற்றவரும், கடனுக்காகத் தம் சமயத்தாரையே கொள்ளையிட்டவரும் அப்பீரங்கிக்கு வழியமைத்துக் கொடுத்தவர் ஆவர். பூசலிட்டு வாழ்ந்த மக்கள் ஒன்றுகூடியபோது, இடிந்த மதில் இரண்டு திங்களில் எழுந்தது. அவர்கள் பிரிந்து நின்றபோது, இடியாத மதிலும் நகரைக் காக்கவில்லை.