நிலத்தின் பட்டாவும் நிலத்தடிப் பொருளும்

சங்க அங்கத்தினர்கள் பலர் சர்க்கார் தரிசை ஒப்படைப்பாகப் பெற்றுச் சாகுபடி செய்கின்றனர். பட்டா கைக்கு வந்தவுடன், மேலுள்ள மண்ணும் கீழுள்ள கல்லும் தமக்கே உரியன என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு சரியென்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. இரு பாத்தியங்கள்

பயிரிடும் பாத்தியம் வேறு. நிலத்தடியிலுள்ள கனிப்பொருளை எடுக்கும் பாத்தியம் வேறு. நிலம் ஒருவருடையதாயிருக்க, அதிலுள்ள பனைகளை மற்றொருவர் பாட்டத்திற்கு எடுத்துப் பதநீர் இறக்குவதில்லையா? அது போன்றதே இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1916ஆம் வருஷத்துச் சட்டப்படி கால்நடை வளர்ப்போருக்கு 640 ஏக்கர் வரை சர்க்கார் நிலம் அளிக்கப்பட்டது. நிலக்கரி முதலிய கனிகள் யாவும் சர்க்காருக்கே நிறுத்தி வைக்கப்பட்டன.

2. நம் நாட்டு வழக்கம்

1948ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டப்படி துறையூர், உடையார்பாளையம் போன்ற ஜமீன்கள் சர்க்கார் வசமானபோது, அவற்றின் சுரங்கங்களும் கனிகளும் கூடவே சேர்ந்தன. பழைய ரயத்துவாரிப் பட்டா நிலங்களின் நிலைமை வேறு. முன்பு சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார் நிலங்கள் பற்றிய வழக்கில், சட்டப்படி நீக்கப்பட்டாலன்றி நிலத்திற்குரியவரே அடியிலுள்ள கனிக்கும் உரியவர் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆதலால், ஒப்படைப்புப் பத்திரத்தில் கனிப் பாத்தியம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதா என்பதே முதற் கேள்வி.

3. உரிமை இருப்பினும் அனுமதி வேண்டும்

கனி தமக்கே உரியதாயினும் விருப்பம்போல் தோண்டலாகாது. 1957ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டமும், 1959ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சிறுகனி விதிகளும் அனுமதியைக் கட்டாயமாக்குகின்றன. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லுக்கு மட்டுமன்று, சாதாரணக் கிராவலுக்கும் இது பொருந்தும். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவினர் மணலைப் பற்றிச் சிறப்பாக அறிதல் நலம்: 2003இல் சேர்க்கப்பட்ட 38-ஏ விதி, மணல் எடுக்கும் உரிமையைப் பட்டா நிலத்திலும் சர்க்காருக்கே ஆக்கிற்று.

4. அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

மண்ணைப் பண்படுத்திப் பயிரிடுதல் வேறு. வெட்டி விற்றல் வேறு. சவுடு மண்ணுக்கு ரொக்கம் தருவதாக லாரிக்காரர் வந்து கேட்டால், உடனே இசைதல் ஆகாது. அனுமதியின்றிக் கனி எடுப்போருக்கு 5 வருஷம் வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எடுத்த பொருளின் விலையும் வசூலிக்கப்படும். நிபந்தனை மீறப்பட்டால் ஒப்படைப்பே ரத்தாகலாம். அப்பொழுது குடியானவர் நிலத்தை இழப்பார். அதை ஈடாகக் கொண்டு சங்கம் கொடுத்த கடனும் ஆதாரமின்றி நிற்கும்.

ஆகவே, பத்திரத்தின் ஷரத்துக்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டல் வேண்டும். ஐயமிருப்பின் தாலுகா ஆபீசிலும், ஜில்லாவின் கனிமத் துறை ஆபீசிலும் விசாரித்துக்கொள்ளலாம். பஞ்சாயத்தார், கடன் மனுவுடன் ஒப்படைப்பு ஷரத்துக்களின் நகலையும் வாங்கிப் பார்த்தல் நன்று. ஒரு லோடு மண்ணின் விலைக்காகத் தலைமுறைக்கு உரிய நிலத்தைப் பணயம் வைத்தல் விவேகமாகாது.