மூளைப் பயிற்சியா, எழுத்துப் பயிற்சியா?

படிப்பு ஏறாத பையனைத் தறியில் உட்கார வைத்துவிடுவது ஆரணியில் ஒரு காலத்து வழக்கம். இன்றைய நெசவாளர் வீடுகள் கடன் வாங்கியாவது படிக்க வைக்கின்றன. அந்தத் தவிப்பை நம்பித்தான் 'மூளைப் பயிற்சி' விற்கப்படுகிறது. கூலிப் பணத்தை எதில் போடலாம்?

கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கும் 'மிட்பிரெயின்' வகுப்பை அடியோடு ஒதுக்குங்கள். மூக்கோர இடுக்கில் பார்த்துப் படிப்பதுதான் அது.

செல்போன், கணினி விளையாட்டுகளில் மோசடி என்று சொல்ல முடியாதவையும் உண்டு. ஆனால், நினைவாற்றல் விளையாட்டு ஆடும் குழந்தை அந்த விளையாட்டில்தான் தேறுகிறது. வாசிப்பும் கணக்கும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் 2013இல் சொன்னதும் இதுதான். படிப்புக்கு உதவும் என்று தன் விளையாட்டுகளை விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம், 2016இல் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டியது. ஏ.டி.ஹெச்.டி. எனும் கவனக் குறைபாடு உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கான 'எண்டெவர்ஆர்எக்ஸ்' விளையாட்டை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதித்தது. அதுவும் மற்ற சிகிச்சைகளுக்குத் துணையாகத்தான்.

பணத்தை முதலில் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். கண்ணும் காதும் சரியா என்று பார்த்தபின், வேலூர் போகும் சாலையிலேயே பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்துக்குப் போகலாம். செலவில்லாமல் பார்க்க, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். கவனம் நிலைக்காத குழந்தைக்கு மருத்துவர் மாத்திரை எழுதினால் மிரள வேண்டாம். எந்த விளையாட்டைவிடவும் அதற்கு ஆதாரம் அதிகம்.

வாசிப்புதான் சிக்கல் என்றால், எழுத்தையும் ஒலியையும் பொறுமையாகச் சேர்த்துச் சொல்லித்தரும் ஆளுக்கு ஈடாக எதுவும் இல்லை. தமிழில் 'கொ'வும் 'கோ'வும் எழுத்தின் இரு பக்கமும் குறியைச் சுமக்கின்றன. ல, ள, ழ காதிலேயே குழம்புகின்றன. எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று கூடவே உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை தமிழைத் தடையின்றி வாசித்தால், குறை பிள்ளையிடம் இல்லாமல் கற்பித்தலில் இருக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் தலைமையாசிரியர் வழியாக வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியரைக் கேட்டு வாங்குங்கள். அது சலுகை இல்லை, உரிமை. கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. டிஸ்லெக்ஸியா எனும் வாசிப்புக் குறைபாட்டுக்கான சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதும் ஆளும் கிடைக்கும். டியூஷன் ஆசிரியருக்கே இதில் ஆர்வமிருந்தால், சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது என்று சொல்லுங்கள்.

வீட்டில், தறிச் சத்தம் ஓயும் நேரம் பார்த்து, தினமும் கால் மணி நேரம் சத்தமாக வாசிக்க வைத்தால் போதும்.

அதற்கு மேலும் ஏதாவது மையத்தில் சேர்ப்பதானால், "இவன் இப்போது எதில் தடுமாறுகிறான், மூன்று மாதத்தில் எதை வாசிப்பான்?" என்று கேளுங்கள். "மூளை சுறுசுறுப்பாகும்" என்று பதில் வந்தால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.