பழுதான டைரக்டரி சர்வருக்குப் பழைய பேக்கப் போடலாமா?

கேள்வி: எங்களிடம் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள். கிளை அலுவலகத்தில் உள்ளது எட்டு மாதமாக மற்றதோடு ஒத்திசையவில்லை, இப்போதுதான் கவனித்தோம். பழைய பேக்கப்பைப் போட்டு மீட்கலாமா?
– ஒரு வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: கூடவே கூடாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் ஆக்டிவ் டைரக்டரி உடனே துடைத்துவிடாது. ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு, வழக்கமாக 180 நாள் வைத்திருக்கும். அதற்குள் அந்தச் சேதி எட்டாத சர்வர் பிறகு திரும்பினால், போனவரையும் கூட்டிக்கொண்டு வரக்கூடும். அந்த 180 நாளைவிடப் பழைய பேக்கப்புக்கும் இதே கதிதான்.

எனவே ஒட்டுப்போடாமல் புதிதாகவே கட்டுங்கள். முதலில் நல்ல சர்வரின் சிஸ்டம் ஸ்டேட்டை பேக்கப் எடுங்கள். அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான். எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகள் ஐந்தும் யாரிடம் என்று பாருங்கள். பழுதானதிடம் இருந்தால் நல்லதன் கைக்குப் பறித்துக்கொள்ளுங்கள். பறித்தபின் பழையது அதே நிலையில் நெட்வொர்க்கில் தலைகாட்டவே கூடாது.

அடுத்து, நல்ல சர்வரிலிருந்து பழையதன் மெட்டாடேட்டாவை நீக்குங்கள். டிஎன்எஸ்ஸில் அதன் பெயரில் கிடக்கும் எஸ்ஆர்வி, என்எஸ் பதிவுகளையும் தேடி அழியுங்கள். இல்லாவிட்டால் ஊழியர்களின் கணினிகள் இல்லாத சர்வரைத் தட்டிக்கொண்டிருக்கும். பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவி, டிஎன்எஸ்ஸை நல்ல சர்வருக்குத் திருப்பி, டொமைன் கன்ட்ரோலராக உயர்த்துங்கள்.

சிஸ்வால், நெட்லாகன் பகிர்வுகள் தெரிகின்றனவா, ரெப்அட்மின் பிழையின்றிப் பதில் சொல்கிறதா என்று பார்த்த பிறகே ஊழியர்களை உள்ளே விடுங்கள்.