'படி': ஒரு சொல், பல தொழில்

பொருள்களை மனனம் செய்வதனால் மட்டும் ஒரு சொல் நமக்கு உரியதாகிவிடாது. 'படி' என்னும் சொல்லே இதற்குச் சான்று.

முட்டத்துக் கலங்கரை விளக்கத்தில் ஏறுவது படி; அரிசி அளப்பது படி; ஆவணத்தின் நகலும் படி. இவை பெயர்கள். 'உப்புப் படிந்தது', 'பாடம் படித்தான்' என்பன வினைகள். ஏவலில் இரண்டும் 'படி' என்றே நிற்பினும், இறந்தகால வடிவம் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

பெயரெச்சத்தைச் சார்ந்து வருங்கால், அது இடைச்சொல்போல் இயங்கும். 'அம்பா பாடியபடி வலை இழுத்தனர்' என்பது உடன்நிகழ்ச்சி. 'பெரியோர் சொன்னபடி நடந்தோம்' என்பது ஒப்ப நடத்தல். 'கரை திரும்பும்படி எச்சரித்தனர்' என்பது ஏவற்பொருள். எழுதும்போது விடும் இடைவெளியும் பொருளை மாற்றும்: 'அவர் காட்டிய படி வழுக்கும்', 'அவர் காட்டியபடி நட'. முன்னதில் படிக்கட்டு; பின்னதில் நடக்கும் முறை.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மொழியின் 'கோமோ', 'போல' எனவும் 'உண்கிறேன்' எனவும் பொருள்படும். முதல் உயிரின் மேல் அழுத்தக்குறி பெற்றால் 'எப்படி' என வினவும்.

பலபொருள் ஒருசொல்லை, வினையால் வேறுபடுவது, வேறுபடாதது எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் இருவகைப்படுத்தியது. தொடரே பொருளைத் தெளிவிக்கும் என்பது அதன் உட்கிடை. ஆதலின் மாணவர்களே, அகராதியில் சொல்லின் பொருளைக் காண்க. தொடரில் அதன் தொழிலைக் காண்க.