அட்டைப் படம் தெரிந்தால் புத்தகம் இருக்கிறதா? கிண்டிலின் ஹோம், லைப்ரரி பக்கங்கள்

கம்பத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு நான் பயன்படுத்திய கிண்டிலைக் கொடுத்தேன். என் கணக்கிலேயே விட்டுவிட்டேன். எழுத்தைப் பெரிதாக்குவது, பக்கம் திருப்புவது இரண்டையும் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் அவர் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்திற்குப் போய்விட்டார். அங்கே வைஃபை கிடையாது, போனிலும் சிக்னல் வராது.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "ஏப்பா, நாப்பது புஸ்தகம் இருக்குன்னியே, மேலே போய்த் தொட்டா ரெண்டுதான் திறக்குது. கெட்டுப் போச்சுன்னு நினைச்சு, வீட்டுக்கு வந்து ரெண்டை அழிச்சுட்டேன்" என்றார். அவர் அழித்த இரண்டும் நான் பணம் கொடுத்து வாங்கியவை. மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. தவறு அவருடையது அல்ல, சொல்லிக் கொடுக்காத என்னுடையதுதான். உங்கள் வீட்டிலும் இப்படி நடக்காமல் இருக்கச் சில விஷயங்களைப் பார்ப்போம்.

ஹோம் வேறு, லைப்ரரி வேறு

இப்போதைய கிண்டில்களில் திரையின் அடியில் ஹோம், லைப்ரரி என இரண்டு பெயர்கள் இருக்கும். நடுவில் நீங்கள் கடைசியாகப் படித்த புத்தகத்தின் சிறிய அட்டை இருக்கும். அதைத் தொட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். (பழைய மென்பொருளில் இந்த அமைப்பு சற்று மாறியிருக்கும்.)

ஹோம் பக்கம் கடைவீதி மாதிரி. மேலே உங்கள் புத்தகங்கள் சில இருக்கும். கீழே போகப் போக, நீங்கள் வாங்காத புத்தகங்களின் அட்டைகளும் வரிசையாக வரும். அவை வெறும் சிபாரிசுகள். பெரியப்பா எண்ணிய நாற்பதில் பாதி இப்படிப்பட்டவைதான்! உங்கள் புத்தகங்களை மட்டும் பார்க்க லைப்ரரியைத் தொடுங்கள்.

டிக் குறியைப் பாருங்கள்

லைப்ரரியில் இருப்பவை எல்லாம் கருவிக்குள் இருப்பதாக நினைக்கக் கூடாது. நீங்கள் வாங்கிய புத்தகம் நிறுவனத்தின் சர்வரில், அதாவது கிளவுடில் இருக்கும். டவுன்லோட் செய்தால்தான் கருவிக்குள் வரும். ஆனால் இரண்டுக்கும் அட்டைப் படம் ஒன்றுபோலவே தெரியும். கருவிக்குள் வந்துவிட்ட புத்தகத்தின் அட்டையருகே மட்டும் சிறிய டிக் குறி இருக்கும். டிக் இல்லையென்றால், வைஃபை இருக்கும்போது அட்டையை ஒருமுறை தொடுங்கள். டவுன்லோட் ஆகத் தொடங்கும். முடிந்ததும் டிக் வந்துவிடும்.

லைப்ரரியின் மேல்பகுதியில் ஃபில்டர் ஐகான் இருக்கும். அதில் டவுன்லோடட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், கருவிக்குள் இருப்பவை மட்டும் தெரியும். பெரியவர்கள் கையில் கொடுக்கும்போது இப்படி வைத்துக் கொடுப்பது நல்லது.

அழிக்கும் முன் நிதானம்

அட்டையின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஒரு மெனு வரும். அதில் ரிமூவ் டவுன்லோட் என்பது கருவியிலிருந்து மட்டும் நீக்கும். கிளவுடில் புத்தகம் அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். பெர்மனென்ட்லி டெலீட் என்பது கணக்கிலிருந்தே அழித்துவிடும். பிறகு படிக்க வேண்டுமானால் மீண்டும் காசு கொடுக்க வேண்டும். பெரியப்பா தொட்டது இதைத்தான். இடம் போதவில்லை என்றால் முதல் வழியை மட்டும் பயன்படுத்துங்கள். படங்கள் இல்லாத புத்தகம் ஒன்றிரண்டு எம்.பி. அளவுதான் வரும் என்பதால், இடப் பிரச்சினை அவ்வளவு சீக்கிரம் வராது.

இலவசத் தமிழ் நூல்களைச் சேர்க்க

கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் அறிமுகமாயின. கடைக்கு வெளியேயும் நிறைய இருக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இக்கால எழுத்தாளர்களின் நூல்கள் இபப் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கேற்ற பி.டி.எஃப். வடிவிலும் கிடைக்கின்றன. ஆறு அங்குலக் கருவியில் ஏ4 பி.டி.எஃப். திறந்தால் எழுத்து எறும்பு போலத் தெரியும். எனவே இபப்பையே எடுங்கள்.

ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. ஃபைலை அதற்கு அனுப்பினால் லைப்ரரிக்கு வந்துவிடும். 2022 முதல் இபப்பையும் இப்படி அனுப்ப முடிகிறது. அனுப்பும் உங்கள் முகவரியை முன்கூட்டியே கணக்கின் அனுமதிப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். இவை ஃபில்டரில் டாக்ஸ் என்ற பிரிவில் இருக்கும். புக்ஸ் பிரிவில் தேடிவிட்டு வரவில்லை என்று நினைக்காதீர்கள்.

கலெக்‌ஷன் என்ற வசதியும் உண்டு. 'பெரியப்பா' என்று ஒரு கலெக்‌ஷன் உருவாக்கி, அவருக்குப் பிடித்தவற்றை அதில் போட்டுவிட்டேன். இப்போது என் புத்தகங்களுக்கு நடுவில் அவர் தேட வேண்டியதில்லை.

புறப்படும் முன் ஒரு சோதனை

திரையின் மேலிருந்து கீழே விரலை இழுத்து, ஏரோபிளேன் மோடை ஆன் செய்யுங்கள். இப்போது நீங்கள் எடுத்துச் செல்லும் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இங்கே திறந்தால் மலையிலும் திறக்கும். திறக்காவிட்டால் மோடை ஆஃப் செய்து டவுன்லோட் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

போன வாரம் பெரியப்பா மறுபடி தோட்டத்திற்குப் போனார். "பதினொண்ணுக்கும் டிக் இருக்குப்பா, ஜீப் ஏறப் போறேன்" என்று கம்பத்திலிருந்தே போன் செய்தார்.